புதுப்பிப்பு: கினபத்தாங்கான் போய்வந்தேன்

போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் 560 கிலோமீட்டர் ஓடும் கினபத்தாங்கான் ஆற்றில் படகில் செல்லக் காலை உகந்ததா, மாலையா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்வந்தபின் சொல்கிறேன், மாலையே. பகலில் காட்டுக்குள் இலை தேடித் திரியும் நீள்மூக்குக் குரங்குகள் உறங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்குத் திரும்புவதால், படகோட்டி இயந்திரத்தை அணைத்ததும் தலைக்கு மேலேயே கிளைகள் சலசலத்தன. ஆண் குரங்கொன்றின் மூக்கு, அது இலையை மெல்லும்போதெல்லாம் வாயின்மேல் தொங்கி ஆடியது. ஒராங்குட்டான் (என் முதல் ஆசையே அதுதான்) தென்படவில்லை.

சுக்காவ் கிராமத்தில் வாழும் ஓராங் சுங்கை, அதாவது ‘ஆற்று மக்கள்’, சமூகத்தைச் சேர்ந்த அந்தப் படகோட்டி, கரையை நெருங்கிவிட்ட பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களைக் காட்டி, காடு ஒரு பட்டையாகச் சுருங்கியதால்தான் விலங்குகள் இவ்வளவு எளிதாகக் கண்ணில் படுகின்றன என்றார்.