தென்னைக்கு இடையே நட்ட மிளகாய் காய்க்கவில்லை, உதவுங்கள்

அல்சூர்வாசி:
வணக்கம். மத்தூர் அருகே எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. பெங்களூரில் வேலை என்பதால் விடுமுறைகளில்தான் போய்ப் பார்க்கிறேன். ஊடுபயிராக நட்ட மிளகாய் நெடுநெடுவென வளர்ந்திருக்கிறது, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலைகள் அகன்று மெலிந்திருக்கின்றன, பூவெல்லாம் உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம்.

கரிசல்மண்:
மரங்களுக்கு என்ன வயது? இடைவெளி எவ்வளவு? தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறீர்கள்?

வேர்நேசன்:
தென்னை வேர் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்பதே என் அனுபவம். சாம்பல் சத்தை (பொட்டாஷ்) கூட்டிக் கொடுங்கள்.

மூத்த உறுப்பினர்:
தேடிப் பார்க்கும் வழக்கம் இங்கே ஒழிந்துவிட்டதால் மீண்டும் சொல்கிறேன். தென்னை வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பால் நட்டிருந்தால் வேர்மீது பழி போட வேண்டாம். ஏழு வயது வரை தோப்புக்குள் வெயில் தாராளமாக விழும். அதன்பின் ஏறத்தாழ இருபது வயது வரை மட்டைகள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் நிழல் கெட்டியாக இருக்கும். மரம் உயர உயர மறுபடி வெளிச்சம் இறங்கும். வயதைச் சொல்லாமல் மருந்து கேட்பது வீண்.

வேர்நேசன்:
நிழல்தான் சிக்கல் என்றால் கீழ்மட்டைகளை வெட்டிவிட்டால் போயிற்று.

கரிசல்மண்:
பச்சை மட்டையை வெட்டவே கூடாது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலிருந்தும்தான் பாளை வருகிறது. மிளகாய்க்காகத் தேங்காயை இழப்பீர்களா?

வேர்நேசன்:
கீழ்மட்டைகளின் கக்கத்தில் பாளை ஏற்கெனவே வந்து முடிந்திருக்குமே!

கரிசல்மண்:
பாளை முடிந்தாலும் பச்சையாக இருக்கும்வரை அந்த மட்டை மரத்துக்கு உணவு தயாரிக்கிறது. காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

அல்சூர்வாசி:
மரங்களுக்குப் பன்னிரண்டு வயது, இடைவெளி இருபது அடி. வேலியோரச் செடிகள் மட்டும் நன்றாகக் காய்த்திருக்கின்றன.

மூத்த உறுப்பினர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வேலியோரத்தில் மாலை வெயில் விழுகிறது, அங்கே காய்க்கிறது. எனவே மருந்துக்கு இங்கே வேலையில்லை. பரிந்துரைக்கப்படும் 25 அடியைவிட நெருக்கி நட்டதால் உங்கள் தோப்பில் இருட்டு இன்னும் அதிகம். இந்த வயதில் கினிப்புல், நேப்பியர் போன்ற தீவனப் புல்லோ, மண்ணிலேயே மடக்கி உழும் பசுந்தாள் உரப்பயிரோ போதும். மஞ்சள், சேனை, கோகோ ஆகியவற்றை மரங்கள் இருபது வயதைத் தாண்டியபின் யோசியுங்கள்.

அல்சூர்வாசி:
நன்றி. மருந்து வாங்கவில்லை. பக்கத்தில் மாடு வளர்ப்பவர் புல்லை அறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.