ஏற்காடு இறக்கத்தில் முட்டி வலி, டிசம்பரில் கேதார்காந்தா: வழி சொல்லுங்கள்

வணக்கம். டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்டில் கேதார்காந்தா மலை ஏறப் போகிறேன். சாங்க்ரி கிராமத்தில் தொடங்கி சுமார் 12,500 அடி உச்சி. டிக்கெட் போட்டாயிற்று. இப்போது வலது முட்டிதான் பிரச்சினை.

பயிற்சிக்காகச் சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடக்கிறோம். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை, மூச்சும் தாங்குகிறது. இறங்கும்போது பாதிக் கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் முட்டியின் வெளிப்பக்கம் கத்தியால் குத்துவதுபோல் வலி. வீக்கம் இல்லை. சமதளத்தில் வலிப்பதே இல்லை. மறுநாள் மாடிப்படி இறங்கினால் லேசாகத் தெரியும். செப்டம்பர் கடைசியிலிருந்து இப்படித்தான்.

எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர், மூட்டு நன்றாக இருக்கிறது, தொடையின் வெளிப்புறத் தசைநார் உரசுகிறது என்றார். ஐஸ் வைத்தேன், முட்டி உறை (knee cap) போட்டேன், ஓய்வும் எடுத்தேன். ஓய்வில் போகும் வலி அடுத்த இறக்கத்தில் திரும்பிவிடுகிறது. இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்து இறங்கியபோது வலி கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். பூட்ஸ் நன்றாகப் பழகியது. உச்சி நாளில் பனியில் நீண்ட இறக்கம். அங்கே நான் நின்றுவிட்டால் கூட வருபவர்களுக்கும் ஆபத்து. அதுதான் என் கவலை.

இதே வலியைச் சரிசெய்துகொண்டு இமயமலை ஏறியவர்கள் இருந்தால், எந்தப் பயிற்சி கைகொடுத்தது என்று சொல்வீர்களா?