டாக்டர் கத்தி பிடித்தபோது பக்கத்தில் நின்றது யார்?

லாஸ்பேட்டை வாசி:
போன மாதம் எங்கள் நாய் ராணிக்கு அவசர ஆபரேஷன். எட்டு வயது, சிப்பிப்பாறைக் கலப்பு. பருவம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சோற்றைத் தொடாமல் குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்தாள். ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். டாக்டர் தலை நிமிரவே இல்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்காவோ வெட்டுகிற இடத்தைப் பார்க்கவே இல்லை. ராணியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பார், உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்ப்பார், தொடையின் உள்பக்கம் இரண்டு விரல் வைத்து நாடி பார்ப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தாளில் எழுதுவார். நடுவில் ஒரு தடவை ஏதோ சொன்னார், டாக்டரின் கை அப்படியே நின்றது. அவர் தலையாட்டியதும் அக்கா மயக்க வாயுவின் திருகைக் குறைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேலை மறுபடி நடந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கடைசியில், வயிற்றைத் தைப்பதற்கு முன்னால் ரத்தம் ஒற்றிய காஸ் துணிகளை அக்கா ஒவ்வொன்றாக எண்ணினார். இருபது. "சரியா?" "சரி டாக்டர்." அப்புறம்தான் தையல். ரசீதில் டாக்டர் பெயர் மட்டும்தான் இருந்தது. உங்களுக்கும் இப்படி யாராவது ஞாபகத்தில் இருந்தால் எழுதுங்கள்.

நெல்லிக்குப்பம் விவசாயி:
எங்கள் பக்கம் நர்ஸ் என்று சொல்வதில்லை, கம்பவுண்டர்தான். அரசாங்கக் கணக்கில் கால்நடை பராமரிப்பு உதவியாளர். எங்கள் பசு அசை போடுவதை நிறுத்தி, இடது வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொண்டது. தின்றது பிளாஸ்டிக். மாட்டை நிற்க வைத்தே விலாவை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுத்தார்கள். படுக்க வைத்து முழு மயக்கம் கொடுத்தால் வயிற்றில் காற்று சேரும், உள்ளே இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் போய்விடும் என்றார் கம்பவுண்டர்.

முடி மழித்தது, அயோடின் போட்டுக் கழுவியது எல்லாம் அவர்தான். பெரிய வேலை அப்புறம் வந்தது. இரைப்பையின் ஓரத்தை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். ஒரு சொட்டு வயிற்றுக்குள் சிந்தினாலும் சீழ் பிடித்துவிடுமாம். டாக்டர் தோள்வரை கையை விட்டு அள்ளிப் போட்டதெல்லாம் கேரி பேக், நைலான் கயிறு, ஒரு சேலைத் துண்டு. பிடித்தவருக்குக் கை நடுங்குவது எனக்கே தெரிந்தது. வாய் மட்டும் "ஒண்ணுமில்லடி தாயி, முடிஞ்சிடுச்சு" என்று மாட்டிடம் பேசிக்கொண்டே இருந்தது. அப்போது பாதிகூட முடிந்திருக்கவில்லை! பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. பண்ருட்டி பலாப்பழம் ஒன்றை வண்டியில் கட்டிவிட்டேன், அதற்கு மறுப்பு சொல்லவில்லை.

முதுநகர்:
எனக்கு நேர்ந்தது வேறு. ஒரு கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) உதவிக்கு ஆள் இல்லை, "நீங்களே காலைப் பிடிங்க சார்" என்றார் டாக்டர். பிடித்தேன். ரத்தத்தைப் பார்த்ததும் நான்தான் கீழே விழுந்தேன். நாயை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. நாய் பிழைத்துக்கொண்டது. மச்சான் இன்னும் கிண்டல் அடிக்கிறான்.

அரியாங்குப்பம் சகோதரி:
நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன், பதினோரு வருடமாக. முதுநகர் அண்ணா, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் மயக்கத்தில் இருக்கிற உயிரைப் பார்த்துக்கொள்ள என்றே ஓர் ஆள் வேண்டும். அறுக்கிறவரே மூச்சையும் கவனிக்க முடியாது.

எங்கள் வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். கருவிகளை ஆட்டோகிளேவில், அதாவது நீராவியில் கிருமி நீக்கும் பெட்டியில், வைத்து எடுப்பது, துணி மடிப்பது. காலையில் முதல் கேள்வி, "ராத்திரியிலிருந்து ஒண்ணும் கொடுக்கலையே?" எல்லோரும் இல்லை என்பார்கள். மயக்க ஊசி போட்டதும் நாய் வாந்தி எடுக்கும், அதில் முழு பிஸ்கெட் கிடக்கும். பாட்டி பாசத்தில் கொடுத்திருப்பார். அந்த வாந்தி நுரையீரலுக்குள் போனால் என்ன செய்வது? முயலுக்கு மட்டும் பட்டினி கிடையாது. முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது, குடலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூனைக்குக் கெட்டமின் என்கிற மயக்க மருந்து போட்டால் கண் மூடாது. பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும், புதிதாக வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். கண் காய்ந்துபோகாமல் களிம்பு தடவுவேன். வயிறு திறந்திருக்கும்போது உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். நம் ஊர் வெயிலில்கூடத்தான். துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில் வைப்போம். துண்டு இல்லாமல் வைத்தால் தோல் வெந்துவிடும், மயக்கத்தில் அதற்குச் சொல்லத் தெரியாது.

எனக்குப் பயமான நேரம் ஆபரேஷன் முடிந்த பிறகு வருவது. எல்லோரும் கை கழுவப் போய்விடுவார்கள். நாய் விழுங்கத் தொடங்கினால் மூச்சுக்காகத் தொண்டையில் விட்ட குழாயை எடுப்பேன். பக் நாய் என்றால் எடுக்க மாட்டேன். அதற்கு மூக்கும் தொண்டையும் குறுகல். நன்றாக விழித்துத் தலையைத் தூக்கி, குழாயைக் கடித்து மெல்லத் தொடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ராணி மாதிரி ஒல்லி உடம்புக்காரர்களுக்குச் சில மயக்க மருந்து தெளிய நேரமாகும். அவர்களோடும் அப்படித்தான்.

புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, டாக்டர்கள் அங்கே படித்து வருகிறார்கள். நான் டாக்டர் பக்கத்தில் நின்று நின்று கற்றவள்.

லாஸ்பேட்டை வாசி:
சகோதரி, என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் கால்நடை நர்ஸ். அங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற நர்ஸ் டாக்டர் சொன்னால், வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ போகாத சிறு அறுவையைத் தானே செய்யலாமாம்.

அரியாங்குப்பம் சகோதரி:
இங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டம். டிப்ளமோ, சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில் சிறு சேவைகள் செய்யலாம். எனக்கு அதுவும் இல்லை, அதனால் கத்தியைத் தொட மாட்டேன். கருவியை எடுத்துக் கொடுப்பதும் துணி எண்ணுவதும்தான்.

லாஸ்பேட்டை வாசி:
நேற்று ராணிக்குத் தையல் பிரிக்கப் போனேன். இதையெல்லாம் அந்த அக்காவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "இருபது இல்ல தம்பி, இருபத்திரண்டு. ரெண்டு ஓரத்துல ஒட்டிக்கிட்டிருந்துச்சு, நீங்க பார்க்கல" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாயைக் கூப்பிடப் போய்விட்டார்.