மீல் மேக்கர் முழுத் தாவர உணவில் சேருமா?

கொள்ளுரசம்:
அசைவம், பால் இரண்டையும் விட்டாச்சு. அடுத்து எண்ணெய், சர்க்கரை, மைதா இல்லாத முழுத் தாவர உணவுக்கு மாறப் பார்க்கிறோம். வீட்டில் மீல் மேக்கர், அவல், ஜவ்வரிசி, டோஃபு, செக்கு நல்லெண்ணெய் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்ளலாம்?

ராகிக்களி:
மீல் மேக்கரை முதலில் தூக்கிப் போடுங்கள். சோயாவிலிருந்து பெரும்பாலும் ஹெக்சேன் என்ற கரைப்பானால் எண்ணெயை உறிஞ்சிய பிறகு மிஞ்சும் மாவுதான் அது. அதைச் சூட்டிலும் அழுத்தத்திலும் எந்திரத்தில் பிதுக்குகிறார்கள். வெளியே வரும்போது உப்பிக்கொள்கிறது, அதனால்தான் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கிறது. இது முழு உணவு என்றால் எதுதான் இல்லை?

எதிர்க்கட்சி:
எந்திரத்தைக் கண்டு பயந்தால் புழுங்கல் அரிசியே சாப்பிட முடியாது சார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது வெளிப்புறத்தில் இருக்கும் வைட்டமின் பி1 கொஞ்சம் உள்ளே இறங்குகிறது. அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியைவிட அதிகம் தங்குகிறது. எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள், போதும். மீல் மேக்கரில் போனது எண்ணெய். ஏறக்குறைய பாதி புரதம், நார்ச்சத்தும் உண்டு. உங்கள் டோஃபுவில்தான் சக்கையை வடிகட்டி நாரை விட்டுவிடுகிறார்கள்.

சேலத்தான்:
ஜவ்வரிசியை யாரும் தொடவில்லையே. எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அந்தக் கிழங்குப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை உருட்டி, வறுத்துக் காயவைப்பார்கள். நாரெல்லாம் திப்பியோடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது வெறும் மாவுச்சத்து. ஊர்ப் பாசத்துக்காகப் பரிந்து பேச முடியாது. அவல் பரவாயில்லை, அதுவும் சிவப்பு அவலாகப் பார்த்து வாங்குங்கள்.

கொள்ளுரசம்:
நோவா என்று ஒரு பட்டியல் இருக்கிறதாமே, அதை வைத்து முடிவு செய்யலாமா?

எதிர்க்கட்சி:
உணவை எவ்வளவு பதப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரிக்க, பிரேசிலில் கார்லோஸ் மொன்டெய்ரோ குழு உருவாக்கிய வகைப்பாடு அது. ஆனால் அதில் தீட்டிய வெள்ளை அரிசியும் குறைவாகப் பதப்படுத்திய முதல் பிரிவில்தான் வருகிறது, பாலும் இறைச்சியும்கூட. உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை.

ராகிக்களி:
பட்டியலே வேண்டாம். பாட்டி காலத்துச் சாமான் எதுவும் கெடுதல் இல்லை. செக்கு நல்லெண்ணெயைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கட்சி:
மாட்டிக்கொண்டீர்கள்! எள்ளை ஆட்டினால் நார், புரதம், சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கிவிடும். கையில் கிடைப்பது கொழுப்பு மட்டும், ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. சோயாவில் புண்ணாக்கைத் திட்டுகிறீர்கள், எள்ளில் எண்ணெயைக் கொஞ்சுகிறீர்கள். அமெரிக்க மருத்துவர் எசல்ஸ்டின் இதய நோயாளிகளுக்கு ஆலிவ் எண்ணெயைக்கூட வேண்டாம் என்கிறார்.

ராகிக்களி:
இதய நோயாளிக்குச் சொன்னதை எல்லாருக்கும் நீட்டக்கூடாது. தாளிக்க ஒரு சின்னக் கரண்டி ஊற்றினால் குடிமுழுகிப் போகாது. சரி, எள்ளை முழுசாகப் பொடித்து இட்லிக்குத் தொட்டுக்கொள்வது மேல் என்பதை ஏற்கிறேன். மீல் மேக்கரை ஏற்க மாட்டேன்.

கொள்ளுரசம்:
அப்போ அவலும் எள்ளும் உறுதி, ஜவ்வரிசி வெளியே. டோஃபு இருக்கட்டும். மீல் மேக்கர் இருப்பது தீரும்வரை ஓடட்டும். எண்ணெய் இல்லாமல் தாளிப்பது எப்படி என்று யாராவது சொல்லுங்களேன்.

சேலத்தான்:
கடுகை வெறும் சட்டியில் மூடிபோட்டு வெடிக்க விடுங்கள். கருவேப்பிலையைக் கடைசியில் போடுங்கள், சீக்கிரம் கருகிவிடும்.