வால் செண்டர் டைம்அவுட் 300: இந்த புல் ரிக்வெஸ்ட்டை அப்ரூவ் பண்ணலாமா?

இரவுப்பணி:
போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ், ஒரு பிரைமரி (மூல சர்வர்), அதன் நகலாக ரெண்டு ரெப்ளிகா. இரண்டாவது ரெப்ளிகா வேறு ஊர் டேட்டா சென்டரில் இருக்கிறது, ராத்திரி பேக்கப் ஓடும்போது மட்டும் தொடர்பு அறுந்து அறுந்து ஒட்டிக்கொள்கிறது. டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரே ஒரு வரியை மாற்றி ரிவ்யூவுக்கு அனுப்பியிருக்கிறார்: வால்_செண்டர்_டைம்அவுட் = 300 (பிரைமரியிலிருந்து மாற்றங்களின் பதிவை ரெப்ளிகாவுக்கு அனுப்புவது வால் செண்டர், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்துத் தொடர்பை அறுப்பது என்பது இந்த எண்). கமிட் மெசேஜில் "60 நொடியை 5 நிமிடமாக்கினேன்" என்று இருக்கிறது. ஒரு வரிதானே என்று நினைத்தேன், ஆனால் ரெப்ளிகேஷன் என்றதும் கை வரவில்லை. வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பழைய டிபிஏ:
முதலில் அந்த 300-ஐப் பாருங்கள். அலகு போடாவிட்டால் போஸ்ட்கிரெஸ் இதை மில்லிசெகண்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். தம்பி கூட்டவில்லை, 60 நொடியை 0.3 நொடியாக்கி வைத்திருக்கிறார்! ரீலோட் ஆனதும், லைன் லேசாகத் திணறினாலே அறுந்துவிடும். எண்ணோடு அலகையும் எழுதச் சொல்லுங்கள். அவரையும் ரொம்பத் திட்ட வேண்டாம், அதே குடும்பத்தில் இருக்கும் வால்_ரிசீவர்_ஸ்டேட்டஸ்_இன்டர்வலுக்கு (ரெப்ளிகா தன் நிலையைப் பிரைமரிக்குச் சொல்லும் இடைவெளி) அலகில்லாமல் 10 என்று போட்டால் 10 நொடி. யாருக்குத்தான் குழப்பம் வராது.

இரவுப்பணி:
ஐயோ, நான் கமிட் மெசேஜை மட்டும் நம்பிவிட்டேன்.

வரிக்குவரி:
அலகைத் திருத்தினாலும் நான் அப்ரூவ் பண்ண மாட்டேன். அறுப்பது எந்தப் பக்கம்? ரெப்ளிகாவில் வால்_ரிசீவர்_டைம்அவுட் தனியாக இருக்கிறது, அதுவும் இயல்பில் 60 நொடி. அந்தப் பக்கம் பொறுமையிழந்து வெட்டுகிறது என்றால் பிரைமரியில் எவ்வளவு ஏற்றியும் புண்ணியமில்லை. இரண்டு பக்க லாக்கையும் பாருங்கள். அப்புறம், அந்த ரெப்ளிகா சின்க்ரோனஸ் பட்டியலில் (அது பதில் சொன்ன பிறகே பிரைமரியில் கமிட் முடியும் ரகம்) இருக்கிறதா? இருந்தால் லைன் சத்தமில்லாமல் செத்த அன்று, குறைந்தது வால் செண்டர் அதைக் கைவிடும் வரையாவது டேட்டாபேஸ் கமிட் எல்லாம் தொங்கும். எங்கள் ஆபீஸில் ஒரு தடவை இதை 10 நிமிடமாக ஏற்றி வைத்திருந்தோம், ஆப் முழுக்க உறைந்து நிற்க, டேட்டாபேஸ் மட்டும் நலமாக இருப்பதாக மானிட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

இரவுப்பணி:
சின்க்ரோனஸ் இல்லை, தப்பித்தோம். லாக் பார்த்தேன், அத்தனையும் ரெப்ளிகா பக்கத்து டைம்அவுட். பேக்கப்பும் அதே லைனில்தான் போகிறது, முட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும். ரிக்வெஸ்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன், தம்பி இப்போது பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி_பேஸ்பேக்கப்பில் மேக்ஸ்-ரேட் போட்டு வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறார்.