மூன்று தரம், ஒரே மண்டபம்: படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் புதிதாக வந்திருக்கிறேன், ஆலோசனை தேவை

புது டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆரம்பக் கல்வி ஆசிரியை. தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் படித்து முடித்தவள், இது முதல் நியமனம். வீடு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், பள்ளிக்கூடம் மேற்கே படுவான்கரையில். குருக்கள்மடத்தில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி அம்பிளாந்துறையில் இறங்கி, மீதித் தூரம் ஸ்கூட்டியில். காற்று மழை என்றால் பாதை பிந்தும், அன்றைக்கு மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போகவேண்டும். அதை நான் சமாளித்துக்கொள்வேன்.

பிரச்சினை உள்ளே. தரம் 1 முதல் 5 வரை உள்ள சின்னப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். அதிபரோடு சேர்த்து ஆசிரியர் இரண்டு பேர்தான். அதிபர் 4, 5ஐப் பார்க்கிறார். 1, 2, 3 மூன்றும் என் பொறுப்பில், அரைச்சுவர் வைத்த ஒரே மண்டபத்தில். மூன்றுக்கும் தனித்தனி நேரசூசி எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் தரம் 1க்கு 'ட' எழுதிக் காட்டிக்கொண்டிருக்கும்போது தரம் 3 சண்டை பிடிக்கிறது. அதை விலக்கிவிட்டு வந்தால் தரம் 1 முழுக்க வெளியில் மாமரத்தடியில் நிற்கிறது. கல்லூரியில் பல்தரக் கற்பித்தல் பற்றி ஒரு பகுதி படித்தோம், சோதனைக்கு எழுதினோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. போன கிழமை வைத்த கூட்டத்துக்கு ஆறேழு அம்மம்மாமார் மட்டும் வந்தார்கள்.

மூன்றாவது, மாரிப்போக அறுவடை நெருங்குகிறது. இப்போதே சில பிள்ளைகளைக் காணவில்லை. கேட்டால் "வாடியில நிக்கிறான்" என்கிறார்கள், வயலில் போடுகிற குடிலைச் சொல்கிறார்கள்.

இப்படியான பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கச்சான்கடை

முதல் வேலையாக இடமாற்றத்துக்கு விண்ணப்பம் போடுங்க டீச்சர். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பழைய வாத்தி

கச்சான்கடைத் தம்பி சொன்னதை விடுங்கள் மகள். நான் வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கமெல்லாம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். உத்தியோக காலத்தில் பெரும்பகுதி உங்களுடையது மாதிரிப் பள்ளிக்கூடங்களில்தான் போனது. நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

அந்த மூன்று நேரசூசியையும் கிழித்துப் போடுங்கள். கோபிக்க வேண்டாம். மூன்று வகுப்பை ஒரு ஆள் தனித்தனியாக நடத்தப் பார்த்தால் எப்போதும் இரண்டு வகுப்பு சும்மா இருக்கும். சும்மா இருக்கிற பிள்ளை சண்டை பிடிக்கத்தான் செய்யும். ஒரே விஷயத்தை எடுத்து மூன்று ஆழத்தில் கொடுக்கவேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். காலையில் தேவாரம் முடிந்ததும் மூன்று தரத்தையும் ஒன்றாகப் பாயில் இருத்துங்கள். "நேற்று வீட்டில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். உங்கள் பக்கத்தில் கேட்கவே தேவையில்லை, தானாகவே சொல்வார்கள். ஒருவன் எழும்பி, "எங்கட வயலுக்குள்ள யானை வந்திட்டு" என்பான். அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள்: 'எங்கள் வயலுக்குள் யானை வந்தது.' அவ்வளவுதான் பாடம். தரம் 1 பிள்ளைகள் வந்து அதில் 'ய' எங்கே, 'வ' எங்கே என்று தேடி வட்டம் போடட்டும், பிறகு மணலில் விரலால் எழுதட்டும். தரம் 2 அந்த வசனத்தை வாசித்து, யானையை எடுத்துவிட்டுப் பன்றி, மாடு, மயில் என்று மாற்றி மாற்றி எழுதட்டும். தரம் 3 அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நாலு வசனம் எழுதட்டும். யானை வெடி போட்டார்களா, பந்தம் கொளுத்தினார்களா, யார் முதலில் ஓடினார்கள், எல்லாம் வரும். ஒரு வசனத்தில் உங்களுக்கு மொழிப் பாடம் முக்கால் மணித்தியாலம் போய்விடும். பாடப்புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. புத்தகத்துக்குள் போவதற்கு வாசல் இது.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் இன்னும் சுலபம். நீர், உணவு என்று அதே கருப்பொருள்கள்தான் ஒவ்வொரு தரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கூடிக்கொண்டு திரும்ப வருகின்றன. மூன்று தரத்தின் ஆசிரியர் வழிகாட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

கணிதம்தான் இப்படி ஒன்றாக வராது. கூட்டல் தெரியாதவனுக்கும் பெருக்கல் படிக்கிறவனுக்கும் ஒரே பாடம் சொல்லமுடியாது. அங்கே முறை வைக்கவேண்டும். மணி அடிக்கும் முன்பே தரம் 3க்குக் கணக்குகளைப் பலகையில் எழுதி விடுங்கள். தரம் 2க்குப் புளியங்கொட்டையும் சோடா மூடியும் கொடுத்துப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். பிறகு தரம் 1ஓடு நிலத்தில் உட்காருங்கள். கால் மணித்தியாலத்துக்கு மேல் அங்கே இருக்கவேண்டாம், எழும்பி மற்றப் பக்கம் போங்கள். பழைய கலண்டர் மட்டையை வெட்டி, முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் விடை என்று எழுதி ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தால், நீங்கள் வரும்வரை தங்களைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். விடையைப் பார்த்து எழுதுவார்களே என்று யோசிக்காதீர்கள். இரண்டு நாள் பார்த்து எழுதுவார்கள், மூன்றாம் நாள் அலுத்துவிடும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவன் வையுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையையே எப்போதும் வைக்காதீர்கள், கிழமைக்கு ஒருவராக மாற்றுங்கள். வாய் திறக்காத பிள்ளை தன் முறை வரும்போது எப்படிக் கத்துகிறது என்று பாருங்கள்.

இதைத் தொடங்குமுன் உங்கள் ஆசிரிய ஆலோசகரை ஒருநாள் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். பாடக்குறிப்பை ஒன்றாக எழுதப்போகிறேன் என்று முதலே சொன்னால் உதவி செய்வார்கள். சொல்லாமல் விட்டால், பிறகு மேற்பார்வைக்கு வந்து பார்த்து "எங்கே நேரசூசி?" என்று தொடங்குவார்கள்.

இன்னொன்று, 11.30. தரம் 1, 2 போகிற நேரம் அது. ஆனால் போகமாட்டார்கள், அக்கா அண்ணன் முடித்து வரும்வரை வாசலில் நிற்பார்கள். விரட்டவேண்டாம். ஒரு மூலையில் களிமண், படப் புத்தகம் வைத்து இருத்திவிட்டு, அந்த நேரத்தைத் தரம் 3க்கு முழுதாகக் கொடுங்கள்.

பெற்றோர் விஷயம் நான் சொல்வதைவிட ஊர் ஆட்கள் சொன்னால் நல்லது. ஒன்று மட்டும்: வந்தது ஆறேழு அம்மம்மாமார் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. தாய் வீட்டில்தான் பிள்ளை வளர்கிறது. தாய் சவூதி, குவைத் என்று போயிருந்தால் அம்மம்மாதான் எல்லாம். வந்தவர்கள் சரியான ஆட்கள்தான் மகள்.

அகப்பைக்காரி

வணக்கம் டீச்சர். நான் எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காலைச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற ஆள். மூன்று தாய்மார் சேர்ந்து செய்கிறோம். விடியற்காலம் அடுப்பு மூட்டி, சோறு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், முட்டை என்று ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொன்று. காசு வருவதற்கு மாதக்கணக்கில் பிந்தும். அதுவரை கடையில் கொப்பிக் கணக்குத்தான். அதை இங்கே சொல்லி என்ன.

கூட்டத்துக்கு ஏன் வரமாட்டோம் என்று நேராகச் சொல்கிறேன், குறை நினைக்காதீங்க. கூட்டம் என்றால் காசு கேட்பார்கள் என்ற பயம். வேலிக்குக் காசு, விளையாட்டுப் போட்டிக்குக் காசு, வாணி விழாவுக்குக் காசு. கையில் இல்லாத நேரம் மற்றவர்களுக்கு முன்னால் "அடுத்த மாதம் தாறன்" என்று சொல்ல வெட்கம். கிழமையில் ஒருநாள் நுண்கடன் காசு எடுக்க ஆட்கள் வருவார்கள், அன்றைக்குக் கூட்டம் வைத்தால் ஒருவரும் வீட்டு வாசலைத் தாண்டமாட்டார்கள். அது எந்த நாள் என்று ஊரில் விசாரித்துக்கொள்ளுங்க.

பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுவந்து விடுகிற தாய்மார் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அந்த நேரம் வந்து பேசுங்க. "உங்கட மகள் இண்டைக்கு முழு வசனம் வாசித்தாள்" என்று ஒரு சொல் சொல்லுங்க. எங்கட பள்ளிக்கூடத்து மிஸ் அப்படித்தான். பிள்ளை குழப்படி செய்தால் மட்டும் கூப்பிடுகிற ஆள் இல்லை. பிறகு அவ சிரமதானம் என்று சொன்னபோது மண்வெட்டியோடு வந்தது எங்கட வீட்டு ஆம்பிளைகளும்தான்.

வாடி விஷயம். இப்போது வெட்டுவதற்கு மெசின் வந்துவிட்டது, பிள்ளையை வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். யானைக் காவலுக்குத் தாய் தகப்பன் இரண்டு பேரும் வட்டையில், வயல்வெளியில் போய்ப் படுக்கிறார்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பிள்ளையும் கூடத்தான் போகவேண்டும். விடியத் தூங்கி எழும்பவே எட்டு மணி ஆகும். ஒரே வட்டையில் நாலைந்து குடும்பம் இருக்கும். ஒருவர் உழவு மெசினில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கலாம், ஆனால் யாராவது பேசி ஒழுங்கு செய்யவேண்டும். நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டார்கள். பிந்தி வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்தாதீங்க, அது மட்டும் செய்யுங்க. நிறுத்தினால் அடுத்த நாள் வராது.

திருக்கோவில் ஆசிரியன்

பழைய வாத்தி சேர் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. நானும் உங்களுடையது மாதிரி ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலையில்தான் இருக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

ஒன்றாக வைத்துப் படிப்பிப்பது தரம் 1, 2க்கு நல்லது. தரம் 3இலும் பரவாயில்லை. ஆனால் பெற்றோர் பார்ப்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலை. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. அந்த ஒற்றை இலக்கத்தை வைத்துத்தான் ஊர் பள்ளிக்கூடத்தை மதிக்கிறது. "அங்க மூன்று வகுப்பையும் ஒன்றா வச்சிருக்கிறாங்க" என்று ஒரு கதை பரவினால் போதும், வசதியுள்ள நாலு குடும்பம் பிள்ளையை வான் வண்டியில் ஏற்றி டவுனுக்கு அனுப்பிவிடும். எங்களுக்கு அது நடந்தது. பிள்ளை குறைந்தால் ஆசிரியரும் குறைவார், பிறகு பாடசாலையை மூடுவதா இணைப்பதா என்ற பேச்சு வரும். ஆகவே தரம் 3க்குத் தனியாக எழுத்து வேலை நடக்கிறது என்பது வெளியில் தெரியவேண்டும். கொப்பியைக் கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள்.

மற்றது, தலைவன் வைப்பது நல்லதுதான். ஆனால் தரம் 3 பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது எப்போது படிக்கும்?

பழைய வாத்தி

தம்பி சொல்வது நியாயம். கொப்பியை வீட்டுக்கு அனுப்புங்கள், அது நல்ல யோசனை. சொல்லிக் கொடுக்கிறதும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் புலமைப்பரிசிலுக்குத் தரம் 3இலேயே வினாத்தாள் அடித்துக் கொடுக்கிற பழக்கத்துக்கு நான் எதிரி. வசனத்தை விளங்கி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் என்ன செய்யும்? வாசிக்கவையுங்கள், மீதி பிறகு.

ஊர் மதிக்கவேண்டும் என்றால் என்னிடம் இருக்கிற மருந்து மாணவர் சந்தை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வைக்கிறார்கள்தான், பெரும்பாலும் படம் எடுத்து முகநூலில் போடுவதோடு சரி. நீங்கள் அதைப் பாடமாகவே நடத்துங்கள். பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுவரட்டும்: கறிவேப்பிலைக் கட்டு, தேசிக்காய், பொன்னாங்கண்ணி, முருங்கைக்காய், அவித்த கச்சான். காசு கொடுத்து வாங்கி வந்து விற்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், இல்லாதவன் நொந்து போவான். தரம் 1 கட்டுகளை எண்ணி அடுக்கும். தரம் 2 விலைச் சீட்டு எழுதும். தரம் 3 காசை வாங்கி மிச்சம் கொடுத்துக் கணக்கு எழுதும். வாங்க வருகிற அம்மம்மாமாரிடம் முதல் நாளே இரகசியமாகச் சொல்லி வையுங்கள்: எல்லோரும் 100 ரூபாய்த் தாளோடுதான் வரவேண்டும், விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசவேண்டும், மிச்சக் காசைப் பிள்ளை தானாக எண்ணித் தரும்வரை வாய் திறக்கக்கூடாது.

ஒருமுறை ஒரு பெடியன், 30 ரூபாய்க் கீரைக் கட்டுக்கு 100 ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு மேலே பார்த்தான், கீழே பார்த்தான், மிச்சம் வரவில்லை. பிறகு இன்னும் இரண்டு கட்டை எடுத்துக் கிழவியின் பைக்குள் போட்டு, பத்து ரூபாயை நீட்டினான். "சரிதானே அம்மம்மா?" என்றான். கழித்தல் வராதவன் கூட்டிப் பெருக்கித் தப்பிவிட்டான்! கிழவி சிரித்துக்கொண்டே மூன்று கட்டையும் கொண்டு போனாள். தரம் 3 கணிதத்தில் அதைவிட நல்ல விடையை நான் கண்டதில்லை.

வந்தவர்களை மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் பிள்ளைகள் எழுதியதைச் சுவரில் காட்டுங்கள். கூட்டம் என்ற பேச்சே எடுக்கவேண்டாம்.

ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் யாரும் இருந்தால் அவரையும் விசாரியுங்கள். வசந்தன் கூத்துக்குச் சின்னப் பிள்ளைகள்தான் பொருத்தம், கோல் அடித்து வட்டமாக ஆடுவது. பாட்டைப் பலகையில் எழுதிவிட்டால் வாசிப்பும் ஆயிற்று.

புது டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. காலையில் பாயில் இருத்தி ஒரு வசனம் எழுதுவதை இந்தக் கிழமை தொடங்கினேன். யானை வரவில்லை சேர், "அம்மப்பாவின் பசு கன்று போட்டது" என்று வந்தது. தரம் 3இல் ஒரு பிள்ளை கன்றின் நிறம், பெயர், பால் யாருக்கு என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். மற்றவர்கள் இரண்டு வசனத்தோடு எழும்பிவிட்டார்கள். அதற்கு இன்னும் வழி பார்க்கவேண்டும்.

வட்டையில் நிற்கிற பிள்ளைகளுக்காக ஒரு உழவு மெசின்காரரிடம் அதிபர் பேசியிருக்கிறார். காலையில் ஏற்றி வருவார், திரும்பிப் போவதற்குத்தான் ஒழுங்கு இல்லை.

மாணவர் சந்தையைப் பொங்கல் முடிந்து வருகிற கிழமை வெள்ளிக்கிழமை வைக்கலாம் என்று யோசிக்கிறேன். கிழமைக் கடைசி என்பதால் ஆட்கள் வருவார்கள்தானே?

அகப்பைக்காரி

ஐயோ டீச்சர், வெள்ளிக்கிழமை வேண்டாம். பாதிப் பிள்ளைகள் வாவிக் கரைப் பிள்ளைகள், கருவாடும் கூனியும்தான் கொண்டுவருவார்கள். கோழி முட்டையும் வரும். வெள்ளிக்கிழமை அதை வாங்க ஒரு கிழவியும் கிட்ட வரமாட்டாள், பிள்ளைகள் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார்கள். புதன்கிழமை வையுங்க. கடன்காரர் வருகிற நாள் உங்கட ஊரில் புதனா என்று மட்டும் முதல் கேட்டுக்கொள்ளுங்க.