‘கோர் ரெக்கவரி’: உள்ளக மீட்பா, தண்டுப்பேறா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வுத் துளையீட்டுச் சொற்பட்டியலில் ‘கோர்’ என்பதற்கு ‘உள்ளகம்’ என்றும் ‘கோர் ரெக்கவரி’க்கு ‘உள்ளக மீட்பு’ என்றும் இட்டிருக்கிறோம். இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

உள்ளகம் என்றதும் புவி நடுவிலுள்ள இரும்பு, நிக்கல் பகுதிதான் நினைவுக்கு வரும். வளைய வடிவ வைரமுனை சுற்றிலும் அரைத்துக்கொண்டே இறங்க, நடுவில் அரைபடாமல் நிற்கும் பாறை உருளையான ‘கோர்’ வேறு. என்கியூ (NQ) என்ற நிலையான துளையளவில் துளையின் விட்டம் 75.7 மி.மீ., கிடைக்கும் உருளையின் விட்டம் 47.6 மி.மீ.; அதைவிடப் பெரிய எச்கியூ (HQ) அளவில் 96க்கு 63.5. இதைத் ‘தண்டு’ என்போம். பாறைத்தண்டு, பனித்தண்டு, வண்டல்தண்டு என எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

துளைக்குள் அறுந்து விழுந்த கருவியை எடுப்பதும் ‘மீட்பு’தான், தாதுவிலிருந்து பிரித்தெடுத்த உலோகத்தின் விழுக்காடும் ‘மீட்பு’தான். ஒரே அறிக்கையில் மூன்று பொருள் கூடாது. ‘தண்டுப்பேறு’ என முன்மொழிகிறேன்: ஓர் ஓட்டத்தில் (தண்டை ஒருமுறை மேலே எடுக்கும் வரையிலான துளைப்பில்) கிடைத்த தண்டின் நீளம், துளைத்த நீளத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 3 மீட்டர் துளைத்து 2.7 மீட்டர் வந்தால் தண்டுப்பேறு 90%.

---

> இதைத் ‘தண்டு’ என்போம்.

ஐயா, அதே பட்டியலில் துளையிடும் எஃகுக் குழாய் ‘துளைத்தண்டு’ என்று இருக்கிறதே? அதைத் ‘துளைக்கோல்’ ஆக்கினால் தண்டை முழுமனதோடு ஏற்கிறேன். பேறும் நல்ல சொல். ஆனால் ‘தண்டிழப்பு’ என்ற இணைச்சொல்லும் உடன் வேண்டும். கனிம வள மதிப்பீட்டில் ஆட்களைத் தடுமாற வைப்பது அந்த 10%தான்.

இழப்பு எல்லாப் பாறையிலும் ஒரே அளவில் நேர்வதில்லை. கெட்டியான குவார்ட்சு நரம்பு முழுதாக வரும். பக்கத்திலுள்ள களிமண்ணும் நொறுங்கிய பிளவுமண்டலமும் துளைநீரில் கரைந்து போகும். தாது அந்த மென்பகுதியில் இருந்தால் தரம் குறைவாகவும், கெட்டிப்பகுதியில் இருந்தால் மிகையாகவும் கணக்காகும். இன்னொரு காரணம் அடைப்பு: உடைந்த துண்டுகள், தண்டை உள்வாங்கும் உட்குழலில் ஆப்புப்போல் இறுகிக்கொண்டபின் துளைப்பைத் தொடர்ந்தால், புதுத் தண்டு உள்ளே ஏற முடியாமல் முனையடியிலேயே அரைபடும். பம்பின் அழுத்தம் திடீரென ஏறினாலோ இறங்கும் வேகம் சட்டெனக் குறைந்தாலோ, ஓட்டம் முடியாவிட்டாலும் உட்குழலை மேலே எடுத்துவிட வேண்டும். மென்பாறையில் நீரோட்டத்தைக் குறைத்து, ஓட்டத்தை 1.5 மீட்டராகச் சுருக்கி, நெடுக்கில் பிளந்த உள்ளுறை கொண்ட மூவடுக்குக் குழலைப் போடுவதே வழி.

தண்டு இல்லாமல் ஊகத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யாவின் கோலா ஆழ்துளை போதும். 1989இல் 12,262 மீட்டரை எட்டிய துளை அது. சுமார் 7 கி.மீ. ஆழத்தில் பாறை பசால்ட்டாக மாறும் என்று நிலநடுக்க அலைகளை வைத்து எதிர்பார்த்தார்கள். வந்தது பிளவுபட்டு நீர் ஊறிய உருமாறிய பாறை.

---

துளைக்கோல், தண்டிழப்பு இரண்டும் சரி. வரையறையில் இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, தண்டுப்பேறு வேறு, பாறை எவ்வளவு உடையாமல் இருக்கிறது என்று காட்டும் ‘பாறைத்தரச் சுட்டெண்’ (RQD) வேறு என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். சுட்டெண்ணுக்கு 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டுகிறோம். அதே 3 மீட்டர் ஓட்டத்தில் அத்தகைய துண்டுகள் 1.8 மீட்டர் என்றால் பேறு 90%, சுட்டெண் 60%. துளைப்பின்போதோ பெட்டியில் அடுக்கும்போதோ உடைந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தே அளக்க வேண்டும். இயற்கைப் பிளவு மட்டுமே துண்டைப் பிரிக்கும்.

இரண்டாவது, பேறு 100ஐத் தாண்டலாம். தண்டைக் கவ்வும் வளையம் தேய்ந்திருந்தால் தண்டின் அடிப்பகுதி நழுவித் துளையிலேயே நின்றுவிடும். அடுத்த ஓட்டத்தில் அதுவும் சேர்ந்து வர, 3 மீட்டருக்கு 3.15 மீட்டர், அதாவது 105% எனப் பதிவாகும். அதை 100 என்று திருத்தக் கூடாது. முந்தைய ஓட்டத்தின் இழப்பு இங்கே வரவாகிறது, இரண்டு ஓட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகும். அப்படி நின்றுபோகும் துண்டுக்கு ‘அடிக்கட்டை’ என்ற சொல்லையும் பட்டியலில் சேர்க்கலாம். பெட்டியில் ஓட்டங்களுக்கு நடுவே ஆழம் எழுதி வைக்கும் மரத்துண்டையும் கட்டை என்றே சொல்வதால், அதற்கு ‘ஆழக்குறி’ என்று தனிப்பெயர் தேவைப்படும்.